தமிழ்நிலாவுக்கு ஆள் தேடிய கதை

என் மகள் கணக்குப் பரீட்சையில் வெறும் தாளைக் கொடுத்துவிட்டாள் என்று அவள் வகுப்பு டீச்சர் சந்திரிகா போனில் சொன்னபோது, வேறு யாருடைய பிள்ளையையோ பற்றிப் பேசுகிறார் என்றுதான் நினைத்தேன். தமிழ்நிலாவுக்கு ஒன்பது வயது. மூன்று வயதில் பஸ் பலகைகளை வாசித்தவள். பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தைக் கதைப் புத்தகம் மாதிரிக் குப்புறப் படுத்துக்கொண்டு படிக்கிறவள். தி. நகரில் உஸ்மான் ரோட்டுக்கு ஒரு சந்து தள்ளி எங்களுக்கு மேட்சிங் சென்டர் இருக்கிறது. சேலைக்கு ஏற்ற ஜாக்கெட் துணி, லைனிங், ஃபால்ஸ், இவ்வளவுதான் வியாபாரம். கடையில் அறுநூற்றுச் சொச்சம் நிறம் இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர். நாங்கள் ஷேட் கார்டைப் புரட்டி முடிப்பதற்குள் இவள் மூலையில் உட்கார்ந்தபடியே நம்பரைச் சொல்லிவிடுவாள். அந்தப் பிள்ளைதான் வெறும் தாள் கொடுத்திருக்கிறாள்.

அடுத்த வாரம் அறிவியலும் வெறும் தாள். அதற்கடுத்து தமிழும். சந்திரிகா டீச்சர் என்னைப் பள்ளிக்கு வரச் சொல்லி, நடப்பதை விவரித்தார். கேள்வித்தாளை ஒரு தடவை முழுக்கப் படிப்பாளாம். பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டு, மணி அடிக்கும்வரை நிமிர்ந்து உட்கார்ந்திருப்பாளாம். அழுகை கிடையாது, அடம் கிடையாது. பாவாடை விளிம்பிலிருந்து ஒவ்வொரு நூலாக உருவிக்கொண்டிருப்பாள். இது மட்டும் எனக்கும் தெரியும். இரண்டு யூனிஃபார்ம் பாவாடையின் விளிம்பை மறுபடி மடித்துத் தைத்திருந்தேன். பிள்ளைக்கு அறிவு வயதை மீறி ஓடுகிறது, இப்படிப்பட்ட பிள்ளைகளோடு பழகின ஒரு தெரபிஸ்டைப் பாருங்கள், அரையாண்டுக்குள் இவள் ஒரு வரியாவது எழுத வேண்டும் என்றார் டீச்சர்.

எனக்குப் பயம் வந்தது, கூடவே ஒரு வேகமும் வந்தது. ஆள் தேடுவது எனக்குப் புதிதில்லை. சண்முகவடிவு எடுத்த ஆள் சோடை போனதில்லை என்று எங்கள் தெருவில் எனக்குப் பேர். கடைக்கு வருகிற பெண்ணிடம் அரை மீட்டர் துணியைக் கொடுத்துக் கிழிக்கச் சொல்வேன், கிழிக்கிற கையைப் பார்த்தே முடிவு செய்துவிடுவேன். அதே கையோடு தெரபிஸ்ட் தேட இறங்கினேன். மயிலாப்பூர், அடையாறு, பெசன்ட் நகர் என்று எல்லாப் பக்கத்துப் பெண்களும் ஜாக்கெட் துணிக்கு எங்கள் கடைக்கு வருகிறார்கள். துணியை அளந்துகொண்டே, தெரிந்த நல்ல குழந்தை தெரபிஸ்ட் யாராவது உண்டா என்று ஒவ்வொருவரிடமும் கேட்டேன். டீச்சர் சொன்ன ஒரு பேரோடு சேர்த்து, ஒரே வாரத்தில் பதினோரு பேர் சேர்ந்துவிட்டது. யாருக்கு எந்த நாள் என்று பில் புத்தகத்தின் பின்னட்டையில் எழுதி வைத்தேன். கல்யாணத்துக்கு வரன் பார்த்தபோதுகூட எனக்கு இவ்வளவு சுறுசுறுப்பு இருந்ததில்லை. என் வீட்டுக்காரர் கணேசமூர்த்தி சொன்னது ஒன்றே ஒன்றுதான், கைராசியான ஆளாகப் பார்.

முதலில் ஆழ்வார்பேட்டை. ஏசி அறை, மீன் தொட்டி, கண்ணாடிக் கதவு. அந்த மனிதர் என்னிடம் கொஞ்சம், அவளிடம் கொஞ்சம் பேசினார். பேச்சுவாக்கில் ஒரு தேதியைச் சொல்லி என்ன கிழமை என்று கேட்டார். அவள் சொன்னாள். போனில் பார்த்துவிட்டு எழுந்தே நின்றுவிட்டார். பக்கத்து அறையிலிருந்து மூன்று பேரைக் கூப்பிட்டார். ஆளுக்கொரு பிறந்த தேதி, அவள் ஒவ்வொன்றாகக் கிழமை சொல்லச் சொல்லக் கைதட்டல். கடைசியில் ஒரு சின்ன வீடியோ எடுத்துக்கொள்ளலாமா, தன்னுடைய சேனலுக்கு என்றார். என் பிள்ளை என்ன ராட்டினமா, நீங்கள் எல்லாரும் ஏறிச் சுற்ற என்று கேட்டுவிட்டுக் கைப்பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். படி இறங்கும்போது பார்த்தேன், பாவாடை விளிம்பு ஒரு சாண் நீளத்துக்குப் பிரிந்து தொங்கியது.

இரண்டாவது அடையாறு. அந்த அம்மாவை எனக்குப் பார்த்தவுடன் பிடித்துவிட்டது. நல்ல காட்டன் சேலை, அதற்குக் கச்சிதமான ஜாக்கெட். எட்டுப் பக்கக் கேள்வித்தாளை நிரப்பச் சொன்னார். நிரப்பினேன். படித்துவிட்டு, கவலையே வேண்டாம், பன்னிரண்டு சிட்டிங்கில் முழுசாகச் சரியாகிவிடும், நான் கியாரண்டி என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. சாயம் போகாது என்று கியாரண்டி சொல்லித்தானே நாங்களும் துணி விற்கிறோம். திங்கட்கிழமையே முதல் சிட்டிங் என்று பேசிவிட்டு, ஆட்டோவில் ஏறுவதற்கு முன்பே வீட்டுக்காரருக்கு போன் போட்டு முடிந்தது என்றேன். தமிழ்நிலாவிடம் எப்படியிருந்தது என்று கேட்டேன். தோளைக் குலுக்கினாள். அந்த நேரத்தில் அது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

ஆனால் நடுவில் சனிக்கிழமை ஒருவருக்கு நேரம் வாங்கியிருந்தேன். சந்திரிகா டீச்சர் சொன்ன பேர், ஹம்மாத், மந்தைவெளி. முடிவு செய்தபிறகு எதற்கு என்று இருந்தாலும், வருகிறேன் என்று சொன்ன இடத்துக்குப் போகாமல் இருக்க எனக்கு மனசு வராது. போனோம்.

ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒரு மாடி. செங்குத்தான படி. உள்ளே நான்கு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு மேசை, அதன்மேல் பாதி குடித்த டீ. மேசைக்குப் பின்னால் இருந்த பிள்ளைக்கு முப்பது வயதுகூட இருக்காது. டாக்டர் எப்போது வருவார் என்று அவரிடமே கேட்டேன். நான்தான் மேடம், ஆனால் டாக்டர் இல்லை, சைக்காலஜிஸ்ட் என்றார். போச்சுடா என்று உட்கார்ந்தேன். அவர் என்னை விட்டுவிட்டு தமிழ்நிலா பக்கம் திரும்பினார்.

"நான் என்ன கேட்கக் கூடாது? அதை மொதல்ல சொல்லிடு."

"கிழமை கேட்கக் கூடாது" என்றாள்.

சரி என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டார். வேறு ஏதாவது என்றார். கலர் நம்பர் என்றாள். அதையும் குறித்துக்கொண்டார். அப்புறம் இரண்டு பேரும் கீழே தெருவில் நின்ற ஒரு டெம்போவைப் பற்றி எதையோ பேசினார்கள். பத்து நிமிடம் ஓடிவிட்டது. எனக்குப் பொறுக்கவில்லை. தம்பி, இவள் ஏன் வெறும் தாள் கொடுக்கிறாள், எத்தனை சிட்டிங்கில் சரியாகும், இந்த இரண்டையும் சொல்லுங்கள் போதும் என்றேன்.

"எனக்குத் தெரியாது" என்றார் ஹம்மாத். சொல்லிவிட்டு அந்த ஆறிப்போன டீயை எடுத்துக் குடித்தார்.

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "தம்பி, எங்க கடையில ஒரு பொண்ணு கஸ்டமர்கிட்ட தெரியாது, இல்லைன்னு சொன்னா, அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிருவேன். நீங்க போர்டு மாட்டிட்டு உட்கார்ந்து தெரியாதுங்கிறீங்க."

அவருக்குக் கோபம் வரவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளும் ஆசையோடு, கேட்ட கலர் இல்லாவிட்டால் என்னதான் சொல்வீர்கள் என்று கேட்டார். வியாபாரத்தைப் பற்றிக் கேட்டால் நான் கோபத்தை மறந்துவிடுவேன். நாளைக்கு வரும் என்போம், இதைவிட எடுப்பாக ஒன்று காட்டுகிறேன் என்போம், லோடு வண்டியில் இருக்கிறது என்போம், இல்லை என்ற சொல்லை மட்டும் கல்லாவுக்கு முன்னால் சொல்ல மாட்டோம் என்றேன். தூத்துக்குடியில் கடை வைத்திருந்த காலத்திலிருந்து எங்கள் ஆட்களுக்கு அதுதான் பழக்கம். வீட்டிலும் அப்படியே. அரிசி தீர்ந்தால் அரிசி வாங்க வேண்டும் என்போமே தவிர, இல்லை என்று யார் வாயிலும் வராது. தெரியாது என்பதும் அந்த வகைதான், அது கையாலாகாதவன் பேச்சு. இவளே நாலு வயதில் ஒரு நாள் காலையில், முதல் போணிக்கு வந்த அம்மாவிடம், அந்தக் கலர் இல்லை ஆன்ட்டி என்று சொல்லிவிட்டாள். இவள் அப்பா இரண்டு விரலால் வாயில் ஒரு தட்டுத் தட்டினார். லேசாகத்தான். அன்றைக்கு நிறுத்தினவள், இன்றுவரை அந்தச் சொல்லை இவள் வாயில் கேட்டதில்லை என்று பெருமையாகச் சொன்னேன்.

தமிழ்நிலா ஹம்மாத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கை பாவாடை விளிம்பில் இருந்தது, ஆனால் நூலை உருவவில்லை. வேண்டுமானால் புதன்கிழமை வாருங்கள், இவளுக்கு நான் சரிப்பட்டு வருவேனா என்பதுகூட இரண்டு மூன்று தடவை பேசினால்தான் எனக்கே புரியும் என்றார் அவர். எழுந்துவிட்டேன்.

ஆட்டோவில் லஸ் தாண்டும்வரை அந்த ஹம்மாத்தை வறுத்தெடுத்துக்கொண்டே வந்தேன். படித்துவிட்டு வந்து தெரியாது என்கிறான், தன்மேலேயே நம்பிக்கை இல்லாதவன் அடுத்தவனை எப்படிச் சரிசெய்வான் என்று. எல்டாம்ஸ் ரோடு சிக்னலில் வண்டி நின்றது.

"அம்மா, இவர்கிட்டயே போலாம்" என்றாள் தமிழ்நிலா.

பல மாதமாக எனக்கு இது வேண்டும் என்று வாயைத் திறக்காத பிள்ளை. ஏன் என்று கேட்டேன்.

"அவர் தெரியாதுன்னு சொன்னார்ல? சொல்லிட்டு டீ குடிச்சார். ஒண்ணுமே ஆகலம்மா."

சிக்னல் விழுந்து பின்னால் எல்லாரும் ஹாரன் அடித்தார்கள். எனக்கு எதுவும் காதில் ஏறவில்லை. அந்தப் பரீட்சைத் தாள்கள் ஒவ்வொன்றாகக் கண்முன் வந்தன. கேள்விகளைப் படித்துக்கொண்டே போயிருக்கிறாள். ஏதோ ஒன்றில் சந்தேகம் வந்திருக்கிறது. தெரியாது என்பதை எழுதக் கூடாது, எழுதினால் என்னவோ ஆகிவிடும், அதனால் எதையுமே எழுதாமல் பேனாவை மூடியிருக்கிறாள். இதை அவளுக்குக் கற்றுக்கொடுத்தது நான். கல்லாவுக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, தினமும், நான்தான். ஆட்டோவிலேயே அழுதுவிட்டேன். ஆனால் உள்ளே ஒரு பக்கம் துள்ளிக்கொண்டும் இருந்தது. ஆள் கிடைத்துவிட்டார். பதினோரு பேரில் ஒருவர், ஜெராக்ஸ் கடை மாடியில் இருந்திருக்கிறார்.

அடையாறு அம்மாவுக்கு அங்கிருந்தே போன் போட்டேன். வரவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. என் வாய் என்ன சொன்னது தெரியுமா? திங்கட்கிழமை கொஞ்சம் வேலை, அடுத்த வாரம் நானே பேசுகிறேன் என்றது. போனை வைத்துவிட்டுத் திரும்பினால், தமிழ்நிலா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

புதன்கிழமைகளில் மந்தைவெளி என்று ஆனது. உள்ளே என்ன பேசுகிறார்கள் என்று நான் கேட்பதில்லை, கேட்கக் கூடாது என்பது ஹம்மாத்தின் உத்தரவு. எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். நாலாவது புதன்கிழமை அவர் என்னையும் உள்ளே கூப்பிட்டார். ஒரு ஹோம்வொர்க் இருக்கிறது, அது அவளுக்கு இல்லை, உங்களுக்கு என்றார். கடையில், தமிழ்நிலா பார்க்க, ஒரு கஸ்டமரிடம் நான் இல்லை என்று சொல்ல வேண்டும். அவள் கண்ணில் அப்படி ஒரு பளபளப்பு. அதற்காகவே சரி என்றேன்.

சனிக்கிழமை, கார்த்திகை முகூர்த்தக் கூட்டம். தமிழ்நிலா துணி அடுக்குகிற ஸ்டூலில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். முதலில் வந்தவர் மயில்கழுத்துப் பச்சை கேட்டார். தீர்ந்து இரண்டு நாளாகிறது. வாயைத் திறந்தேன். நாளைக்கு வரும்மா என்று வந்தது. தமிழ்நிலா ஒரு விரலை மடக்கினாள். அடுத்தவருக்கு லோடு வண்டியில் இருக்கிறது என்றேன். இரண்டாவது விரல். மூன்றாவது ஆளுக்கு, கேட்காத எட்டு நிறத்தைப் பிரித்துப் போட்டேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கு வியர்த்துவிட்டது. இல்லை என்று சொல்ல நாக்கு அவ்வளவு பெரிய வேலை செய்ய வேண்டும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

ஆறாவதாக ஒரு வயதான அம்மா. பழைய பட்டுச் சேலையைப் பையிலிருந்து எடுத்தார். சேலையை வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பிடித்துப் பார்த்தேன். வாடின அரளிப்பூ நிறம். அந்த நிறத்தில் எங்களிடம் துணி கிடையாது. உள்ளே வந்தேன். தமிழ்நிலாவைப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அந்தக் கலர் எங்ககிட்ட இல்லைம்மா" என்றேன்.

துணி வெட்டிக்கொண்டிருந்த தேவானை கத்தரியைக் கீழே வைத்தாள். பத்து வருஷமாக எங்களிடம் வேலை பார்க்கிறவள், பெரும்பாக்கத்திலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறி வருகிறவள். "இன்னாக்கா, உடம்பு கிடம்பு சரியில்லையா? மூஞ்சே ஒரு மாதிரி கீது" என்றாள். கல்லாவில் இருந்த என் வீட்டுக்காரர் எழுந்து சாமி படத்துக்குச் சூடம் தேடினார். அந்த அம்மா மட்டும் சாதாரணமாக, வேறு எங்கே கிடைக்கும் என்று கேட்டார். தெரியவில்லையேம்மா என்றேன். அப்படியா, சரி, லைனிங் மட்டும் இரண்டு மீட்டர் கொடுங்கள் என்றார்.

தமிழ்நிலா ஸ்டூலிலிருந்து குதித்தாள். விழுந்து விழுந்து சிரித்தாள். அப்பாவிடம் ஓடி, ஒண்ணும் ஆகலப்பா, லைனிங் வாங்கிட்டாங்க என்று சொன்னாள். அவர் சூடத்தைக் கீழே வைத்தார். பிறகு அவளைத் தூக்கிக் கல்லா மேலேயே உட்காரவைத்தார். அவள் நாலு வயதில் சொன்ன அந்த நாள் அவருக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

அரையாண்டு வந்தது. பரீட்சையைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கக் கூடாது என்று ஹம்மாத் சொல்லிவிட்டார். கணக்குப் பரீட்சை முடிந்து வந்தவள் கை கழுவிவிட்டு முறுக்கு தின்றாள். நான் வாயைக் கடித்துக்கொண்டு முறுக்கு டப்பாவைத் துடைத்தேன். எழுதினாளா இல்லையா என்று தெரியாமல் ஆறு நாள். அந்த ஆறு நாளில் இரண்டு கஸ்டமருக்குத் தப்பான துணியைக் கிழித்துக் கொடுத்திருக்கிறேன்.

ஏழாம் நாள் மதியம் சந்திரிகா டீச்சர் போன் செய்தார். குரலே உற்சாகமாக இருந்தது. எழுதியிருக்கிறாள். தாள் முழுக்க எழுதியிருக்கிறாள். நாற்பதுக்கு முப்பத்தாறு. நாலாவது கேள்விக்கு மட்டும், அழகான கையெழுத்தில், எனக்குத் தெரியாது என்று எழுதி முற்றுப்புள்ளி வைத்திருக்கிறாள். பேப்பரை இன்றைக்குக் கொடுத்தாகிவிட்டது, அந்தக் கேள்விக்கு சைபர் போட்டிருக்கிறேன், நீங்கள் தப்பாக நினைக்கக் கூடாது என்றார். நன்றாகப் பெரிதாகப் போட்டீர்களா டீச்சர் என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். நான் மீட்டர் கோலைக் கீழே போட்டுவிட்டு, தேவானையைக் கட்டிப்பிடித்து, அழுது, மூக்கைச் சிந்தி, ஹம்மாத்துக்கு போன் போட்டு, அவர் எடுக்காததால் அவருக்கு ஒரு மெசேஜ் அனுப்பி, கூட்டத்தை அப்படியே விட்டுவிட்டு ஆட்டோ பிடித்தேன்.

பள்ளி விடுவதற்கு அரைமணி நேரம் முன்பே கேட்டில் நின்றேன். கூட்டத்தோடு கூட்டமாகத் தமிழ்நிலா வந்தாள். பையை வாங்கிக்கொண்டு அவளை இறுக்கிக் கட்டிக்கொண்டேன். தெரியாததைத் தெரியாது என்று எழுதியிருக்கிறாய், எனக்கு அது போதும், அந்த நாலு மார்க்கைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேச மாட்டோம் என்று மூச்சுவிடாமல் சொன்னேன்.

அவள் என் கைக்குள்ளிருந்து முகத்தை வெளியே எடுத்தாள்.

"அம்மா, நாலாவது எனக்குத் தெரியும்."

தெரிந்தால் ஏன் எழுதவில்லை என்றேன்.

"தெரியாதுன்னு எழுதினா என்ன ஆகும்னு பாத்தேன்."

என்னடி ஆச்சு என்றேன்.

"நாலு மார்க் போச்சு. அவ்ளோதான்" என்றாள். பசிக்கிறது என்று சொல்லிவிட்டு, எனக்கு முன்னால் ஆட்டோவைப் பார்த்து நடந்தாள்.